செவலைக்குத் தனி அறை

காதில் ஹெட்போனோடு கோகுல்நாத் கொல்லைப்புறத்தில் குப்புறப் படுத்திருந்தான். எதிரே ஒரு பழப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலின் மேல் செவலை நிறத்தில் ஒரு கோழி. அது அவனைப் பார்த்தது, அவன் அதைப் பார்த்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அவனுடைய ஆபீசிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லி, வேலை இந்த வாரத்துக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார்கள்.

"முடிஞ்சுடும் சார். உள்ளதான் இருக்கு. எந்த நிமிஷமும் வந்துடும்" என்றான் கோகுல்நாத்.

எது உள்ளே இருக்கு என்று மீட்டிங்கில் யாரோ கேட்டார்கள்.

கோழி எழுந்தது. உடம்பை ஓர் உதறு உதறியது. அவன் தோளை மிதித்துத் தாண்டி, முருங்கை மரத்தடிக்குப் போய் மண்ணைச் சீய்க்க ஆரம்பித்துவிட்டது. அவன் கையை விட்டு வைக்கோலைத் துழாவினான். சூடு இருந்தது. முட்டை இல்லை.

முட்டை இல்லையென்றால் மைதிலியும் இல்லை. அதுதான் விஷயம்.

மைதிலி அவன் மனைவி. வயிறு இப்போதுதான் புடவைக்கு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். எந்தப் பக்கத்துக்கும் அதுதான் சட்டம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து, அதற்குத் தலை நின்ற பிறகுதான் அனுப்பிவைப்பார்கள். நடுவில் புருஷன் என்று ஒருத்தன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போய், நாற்காலி நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கோகுல்நாத்துக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவனுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் செய்வதற்கு முன்னால் அதைப் பற்றி முழுதாகக் கனவு கண்டுவிடுவான். பிரசவத்தையும் அப்படிக் கண்டாகிவிட்டது. விடியற்காலை, லேசான தூறல். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போகிறது. கோயில் மைக்கில் பாட்டு வைத்திருக்கிறார்கள், அது ஆட்டோவுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் வருகிறது. பிறகு ஒரு வெள்ளைக் கதவு. அவன் கதவுக்கு வெளியே நிற்கிறான். உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம். முதல் அழுகை. இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கே கண் கலங்கிவிடும். அந்தச் சத்தத்தை அம்பாசமுத்திரத்தில் வேறு யாரோ கேட்டுவிட்டு, அவனுக்குப் போனில் சொல்வதாவது?

மைதிலியிடம் சொன்னான். அவள் அப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவன் ஆட்டோவையும் தூறலையும் வெள்ளைக் கதவையும் வர்ணிக்க ஆரம்பித்திருந்தான். முடித்தபோது தோசை கருகியிருந்தது. "உங்க இஷ்டம்" என்றாள் மைதிலி. அவன் உடனே மாமியாருக்குப் போன் போட்டான்.

மாமியார் கோபப்படவில்லை. மெட்ராசில் என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீய மாப்ள. பிள்ளைத்தாச்சிக்குத் தெனமும் நாட்டுக்கோழி முட்டை குடுக்கணும். அங்கன பண்ணை முட்டைதான இருக்கும்?"

"நானே கோழி வளக்கறேன் அத்தை."

மறுமுனையில் ஒரே சிரிப்பு. கூட இன்னும் நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது. பிறகு மாமியார், வளைகாப்புக்குள் உங்கள் வீட்டுக் கோழி முட்டை போட்டு, அதை என் மகள் சாப்பிட்டுவிட்டால் பிள்ளை அங்கேயே பிறக்கட்டும், நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே வந்து விடுகிறேன் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். கோகுல்நாத் அதை அக்ரிமென்ட் போட்ட மாதிரி எடுத்துக்கொண்டான்.

கோழி விற்றவர் பூந்தமல்லிச் சந்தையில் துலுக்கானம் என்பவர். செவலை ஒன்று, கறுப்பி ஒன்று, இரண்டையும் காலைக் கட்டி அவன் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போனதும் முட்டை வுடும் நைனா, நீ பாட்டுக்கு எடுத்துகினே இரு என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஷேர் ஆட்டோவில் எல்லாரும் அவனையும் கோழிகளையும் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. மடியில் இரண்டு பக்கமும் கதகதப்பாக இருந்தது. மனசெல்லாம் முட்டையாக இருந்தது.

வாரத்தில் பாதி நாள் அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஹாலில் லேப்டாப், கொல்லையில் கோழி. வந்து கொஞ்ச நாளில், ஒரு காலை, அவன் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது கொல்லையில் செவலை கொக்கரித்தது. சாதாரணக் கொக்கரிப்பு இல்லை. தெருவையே கூட்டிவிடும் போலிருந்தது. இவன் மைக்கை அணைத்துவிட்டு ஓடினான். பெட்டி காலி. பக்கத்தில் மைதிலி துணி ஊறவைத்த பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் இப்படிக் கத்துது?"

மைதிலி கோழியைப் பார்த்தாள். பிறகு பக்கெட்டைப் பார்த்தாள். "இடம் புடிக்கலைங்க. திட்டுது" என்றாள்.

கோகுல்நாத் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் மண்ணூர்பேட்டை. அவனுக்குத் தெரிந்த கோழி பிரியாணியில் வருவது. முட்டை விஷயத்தில் அம்பாசமுத்திரத்துப் பெண் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் ஏது? அன்றிலிருந்து கோழி கொக்கரிக்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சில் குத்தியது. தினமும் திட்டு வாங்கினான்.

கோழிக்கு இடம் பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்று தேடினான். எங்கோ பனி பெய்யும் ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வீடியோ போட்டிருந்தாள். தாலாட்டுகிற குரல். கோழி முட்டையிடும் நேரம் அதற்கு மிகவும் அந்தரங்கமான நேரம் என்றாள். இருட்டு வேண்டும், அமைதி வேண்டும், நல்ல வாசனை வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது என்றாள். அவள் வீட்டுக் கோழிகளின் பெட்டிகளில் சின்னச் சின்னப் பூப்போட்ட திரைகள் தொங்கின. கோகுல்நாத் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். தான் குப்புறப் படுத்துக் கோழியை முறைத்த நாட்களை நினைத்து வெட்கப்பட்டான்.

அன்று மத்தியானமே ஹால் ஜன்னலின் நீலத் திரை இறங்கியது. மைதிலி அதை இரண்டாக வெட்டி, ஓரம் அடித்துத் தந்தாள். இவ்வளவு ஆர்வமாக உதவி செய்கிறாளே என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டிகளுக்கு முன்னால் திரை தொங்கியதும் கொல்லைப்புறமே வேறு மாதிரி ஆகிவிட்டது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் நீலம் மெல்ல உப்பும், மெல்ல அடங்கும். முருங்கைப் பூ ஒன்றிரண்டு அதன் மேல் விழும். செவலை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு காலைத் தூக்கி யோசித்து, திரைக்குள் நுழைந்தபோது, திரை அதன் பின்னால் தானாக மூடிக்கொண்டது. கோகுல்நாத் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கல்யாணத்தன்றுகூட அவனுக்கு இப்படிப் படபடக்கவில்லை.

அவன் ஹாலுக்குப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து அதே கொக்கரிப்பு. ஓடினான். வைக்கோல் சூடாக இருந்தது. மைதிலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் புடிக்கலையா?"

"முன்னைக்கு இப்பத் தேவலை. திட்டு கொறஞ்சிருக்கு" என்றாள் மைதிலி.

திரை போனதில் ஹால் ஜன்னல் வழியாக வெயில் நேராக லேப்டாப்பில் விழுந்தது. எழுத்தே தெரியவில்லை. அவன் மேசையைப் படுக்கையறைக்கு மாற்றினான். படுக்கையறையில் மீட்டிங் நடந்ததால் மைதிலியால் மத்தியானம் படுக்க முடியவில்லை. பாயை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லை வாசற்படி ஓரமாகப் படுத்தாள். அங்கிருந்துதான் அம்மாவோடு போனில் ரகசியக் குரலில் பேசுவாள். வீட்டுக்குள் எங்கே பேசினாலும் அவன் மீட்டிங்கில் கேட்டது. அவள் அங்கே படுப்பது கோழிகளுக்கும் துணையாக இருக்கும் என்று கோகுல்நாத் சொன்னான்.

அடுத்து அமைதி. கொக்கரிப்புக்குச் சற்று முன்னால் குக்கர் விசில் அடித்ததை அவன் கவனித்துவிட்டான். உனக்குப் பிரசவ நேரத்தில் காதுக்குப் பக்கத்தில் ஒருத்தன் விசில் அடித்தால் எப்படி இருக்கும் என்று மைதிலியைக் கேட்டான். அவள் நியாயம்தான் என்றாள். குக்கர் நின்றது. மிக்ஸியும் நின்றது. டி.வி.யில் படம் மட்டும் ஓடியது, ஆட்கள் வாயை வாயை அசைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் சாப்பிட வேண்டுமே. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஞானம்மாள் இருந்தாள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் தனியாக இருக்கும் பெண். மைதிலி தினமும் காலையில் தட்டுப் போட்டு மூடிய பாத்திரத்தோடு ஞானம்மாள் வீட்டுக்குப் போய், சட்னி அரைத்து, சாதம் வடித்து, பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை இப்படி அலையவிடுகிறோமே என்று கோகுல்நாத்துக்கு உறுத்தியது. பாத்திரத்தை நான் கொண்டுவருகிறேன் என்று ஒருநாள் கை நீட்டினான். மைதிலி சட்டென்று பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். பாத்திரம் இவ்வளவு பத்திரமா என்று அவன் நினைத்துக்கொண்டான். தாயாகப் போகிறவளுக்கு எல்லாவற்றின் மேலும் பாசம் வந்துவிடும் போலிருக்கிறது.

பிறகு வாசனை. வீடியோ அம்மாள் சொன்ன செடி இங்கே கிடைக்கவில்லை. கோயில் வாசலில் மரிக்கொழுந்தும் துளசியும் வாங்கிவந்து பெட்டியில் பரப்பினான். கறுப்பி துளசியைத் தின்றது. செவலை மரிக்கொழுந்தைத் தின்றது. இரண்டும் சாயங்காலம் வரை சுவரோரமாகக் கண் சொருகி நின்றன. வீடெல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி மணந்தது. முட்டை மட்டும் இல்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாமியார் போனில் தேதி சொன்னபோது கோகுல்நாத் காலண்டரில் நாளை எண்ணிப் பார்த்தான். அந்த வெள்ளைக் கதவு தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவசரத்தில்தான் மனுஷன் தப்புச் செய்கிறான். ஆபீசில் விளையாடும் டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கறுப்பியின் பெட்டியில் வைத்தான். முட்டை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அதற்கு ஒரு மாதிரி காட்டினால், பார்த்துப் போடும் என்பது அவன் எண்ணம்.

கறுப்பி உள்ளே போயிற்று. பந்தைப் பார்த்தது. அலகால் உருட்டி வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, சிறகை விரித்து, கண்ணை மூடி உட்கார்ந்தது. சாயங்காலம் வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. திரையை விலக்கினால் உறுமியது.

மைதிலி வந்து பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் கோபப்பட்டு அவன் பார்த்தது அன்றுதான்.

"அடைக்கு உக்காந்துட்டு. இனிமே இது முட்டை போடாது."

"இதுக்கு முன்னாடி மட்டும் போட்டுச்சா?" என்றான் கோகுல்நாத் வருத்தமாக.

மைதிலி விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி எல்லாம் செவலை கையில். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கோகுல்நாத் தீர்மானமாகச் சொன்னான். கோழிக்கு யாரைப் பிடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்ததில் விடை கிடைத்துவிட்டது, என்னைத்தான். முதல் நாளே மூக்குக்கு முன்னால் படுத்து முறைத்தவன் நான். மைதிலி பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறாள், அவளை ஒன்றும் சொல்வதில்லை. அதனால் இனிமேல் கொல்லைப்பக்கம் நான் வரமாட்டேன். பெட்டியைப் பார்ப்பது, வைக்கோல் மாற்றுவது எல்லாம் நீதான். முட்டை கிடைத்தால் உடனே கூப்பிடு.

மைதிலி அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். "நீங்க சொன்னாச் சரிதாங்க" என்றாள்.

கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினான். படுக்கையறையில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் கொக்கரிப்பைக் கண்ணை மூடிக் கேட்டான். அவன் கனவில் செவலை நீல வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும். மரிக்கொழுந்து மணக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு முட்டை மெதுவாகச் சுழன்று, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். வா கண்ணு, பயப்படாதே, யாரும் பார்க்கவில்லை என்று இவன் முணுமுணுப்பான். மைக்கை அணைக்க மறந்ததால் ஒருநாள் மொத்த டீமும் அதைக் கேட்டது.

ஒரே ஒருமுறைதான் வாக்குத் தவறினான், அதுவும் கோழிக்காக. மைதிலி குளித்துக்கொண்டிருந்தாள். வெயில் கொளுத்தியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொல்லையில் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. செவலை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. தான் போனால் பயந்துவிடும். போகாவிட்டால் செத்துவிடும். கொடியில் மைதிலியின் நைட்டி தொங்கியது. கோகுல்நாத் அதை மாட்டிக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு, தலையையும் முக்காடு மாதிரி மூடிக்கொண்டு, செம்போடு மெல்ல நடந்தான். செவலை ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது மதிலுக்கு மேல் ஞானம்மாளின் தலை தெரிந்தது.

"மைதிலி, அவரு கீறாரா, போயிட்டாரா?" என்று ஞானம்மாள் ரகசியமாகக் கேட்டாள்.

கோகுல்நாத் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகவில்லை என்று தலையை ஆட்டினான். தலை உடனே மதிலுக்குக் கீழே மறைந்தது. பெண்கள் தங்களுக்குள் ஆயிரம் பேசிக்கொள்வார்கள், அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று அவன் அதோடு விட்டுவிட்டான். அவசரமாக மீட்டிங்குக்கு ஓடினான். கேமராவைப் போட்ட பிறகுதான் நைட்டி ஞாபகம் வந்தது. அவனுடைய மேனேஜர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா கோகுல் என்று மிகவும் கனிவாகக் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவனுக்கு யாரும் புது வேலை கொடுக்கவில்லை.

வளைகாப்பும் வந்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு படை ரயிலில் வந்து இறங்கியது. ஹாலில் கண்ணாடி வளையல் சத்தமும் சந்தன வாசனையும் நிறைந்தன. மைதிலி பச்சைப் பட்டில், இரண்டு கையும் வளையலாக, மணையில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு அழகாக இவள் எப்போது ஆனாள் என்று கோகுல்நாத் கதவோரம் நின்று பார்த்தான். நாளைக்கு இந்த வீட்டில் இந்தச் சத்தம் இருக்காது.

மாமியார் கோழியைப் பார்க்கவேண்டும் என்று கொல்லைக்குப் போனார். நீலத் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் தென்னந்தடுக்கு மறைப்பைப் பார்த்தார். உள்ளே மரிக்கொழுந்து, மேலே வெயில் படாமல் ஈரச் சாக்கு. கறுப்பி பந்தை அணைத்துக்கொண்டு அவரையும் உறுமியது.

"எங்க வீட்டுல கல்யாணத்தன்னைக்கு ஒங்களுக்குக்கூட இப்படி ஒரு ரூம் ஒதுக்கலியே மாப்ள" என்றார் மாமியார்.

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. வெள்ளைக் கதவையும் முதல் அழுகையையும் பற்றி, தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைப் பற்றி, அத்தனை உறவுக்காரர்களுக்கும் நடுவில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். சொல்லும்போதே அழுதுவிட்டான். வளையல் சத்தம்கூட நின்றுபோயிற்று. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முட்டை கெடக்கு, விடுங்க. இம்புட்டு ஆசை வச்சிருக்கீய. அவ இங்கனயே பெத்துக்கிடட்டும். நான் வந்து கூட இருக்கேன்."

கோகுல்நாத்துக்குக் காது அடைத்துப்போயிற்று. அவன் ஆட்டோவும் தூறலும் ஒரே நொடியில் திரும்பி வந்தன. மாமியார் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தான்.

"வேண்டாம்மா" என்றாள் மைதிலி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மணையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பேச்சுன்னாப் பேச்சுதான். கோழி முட்டை போடலை. அவங்க பேச்சு மாறினாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது. நான் ஊருக்கே வாரேன்."

என்ன பெண் இவள் என்று கோகுல்நாத் மலைத்துப்போனான். தன் ஆசையை விட, புருஷன் சொன்ன சொல்லைப் பெரிதாக நினைக்கிறாளே. இவளுக்கு முன்னால் தான் பேச்சு மாறினால் மனுஷனா? அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்வதுதான் சரி அத்தை என்றான். கூட்டத்தில் ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டான். மைதிலி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நேரத்துக்குச் சாப்பிடுங்க, வலி எடுத்ததும் சொல்றேன், முதல் வண்டி பிடிச்சு வந்துடுங்க என்றாள். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. வண்டி நகர்ந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று கோகுல்நாத் பிளாட்பாரத்தின் முனைவரை கையை ஆட்டிக்கொண்டே நடந்தான்.

மறுநாள் காலை வீடு அவனுக்கு வெறிச்சென்று இருந்தது. குக்கர் வைத்தான், விசில் அடித்தது. அடிக்கட்டும். டி.வி.யைச் சத்தமாக வைத்தான். ஒளிந்து நடக்க இனி என்ன இருக்கிறது? காப்பியை எடுத்துக்கொண்டு போய், அவள் படுக்கும் வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்தான். காற்றில் நீலத் திரை மெல்ல உப்பி அடங்கியது. வெயில் முருங்கை இலைக்குள் புகுந்து பொடிப்பொடியாக விழுந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், காப்பி ஆறிப்போயிற்று.

திரை அசைந்தது. செவலை வெளியே வந்தது. அவனைப் பார்த்துப் பயப்படவில்லை. கழுத்தை நீட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி கொக்கரித்தது.

கோகுல்நாத் எழுந்து போய்த் திரையை விலக்கினான். மரிக்கொழுந்துக்கு நடுவில் ஒரு முட்டை இருந்தது. இளஞ்சிவப்பு. சின்னது. கையில் எடுத்தான், உள்ளங்கை சுட்டது. ஒரே ஒரு நாள் பிந்திவிட்டதே என்று அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு நாள். நேற்றுப் போட்டிருந்தால் அவள் இங்கே இருந்திருப்பாள். பாவி, ஒரு நாள் முன்னால் உனக்கு மனசு வரவில்லையா என்று கோழியிடமே கேட்டான். மைதிலிக்கு இதை எப்படிச் சொல்வது, கேட்டால் அங்கே மனசு உடைந்துபோவாளே என்று முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தேம்பினான்.

மதிலுக்கு மேலே ஞானம்மாளின் தலை எழுந்தது. பிறகு ஒரு கையும் இந்தப் பக்கம் நீண்டது.

"இன்னாபா அதுக்குப் போயி அழுதுகினு நிக்கிற, குடு இப்டி. முட்டைய நீ பாத்துட்டா அம்மா ஊட்டுக்குப் போவ வுடமாட்டன்னு பயந்துகினு, மைதிலி தெனம் உனக்குத் தெரியாம எடுத்தாந்து குடுத்துச்சு. அதான் போயிடுச்சே, இனிமே நீ நேராவே குடுத்துடு."